எலியோதோரோவின் கறுப்பு முடி

சிம்போத்தே துறைமுகத்தில் எலியோதோரோ பஹுவேலோவின் தலைமுடி பெயர்பெற்றது. ஐம்பத்து நாலு வயது. ஒரு நரை கிடையாது. நெத்திலிக்குப் போகும் சுருக்குமடிப் படகில் வலை இழுக்கும் வின்ச் எந்திரம் அவர் பொறுப்பு. வலையை இழுத்து முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் தலையைக் கோதும்போது, "எங்க அப்பா வழி ரத்தம் தம்பி, எண்பதுலயும் வெளுக்காது" என்பார்.

உண்மையில் நாற்பதிலேயே வெளுத்துவிட்டது. அந்த வருஷம்தான், நரைத்துப்போன சத்துர்னீனோ என்ற வலைக்காரரைக் கேப்டன் அடுத்த பருவத்துக்குக் கூப்பிடாமல் விட்டார். அதைப் பார்த்த எலியோதோரோ பக்கத்து நகரமான த்ருஹீயோவுக்குப் பஸ் ஏறினார். திரும்பும்போது சட்டைக்குள் ஒரு புட்டி இருந்தது. தண்ணீர் மாதிரித் தெளிந்த மருந்து, அடியில் மஞ்சள் வண்டல். குலுக்கிச் சீப்பில் தொட்டுத் தினமும் சீவ வேண்டும். சாயம் போலச் சட்டென்று ஏறாது. நாளுக்கு நாள் முடி தானாகக் கருக்கும். அழுகின முட்டை வாடை அடிக்கும். ஆனால் மீன்தூள் ஆலைகள் புகை கக்கும் ஊரில் அதை யார் மோந்து பார்க்கப் போகிறார்கள்? மனைவி நெலிதாவுக்கு மட்டும் தெரியும்.

ஊர்க் கால்பந்து அணி முதல் டிவிஷனுக்கு ஏறினால் படகுக்காரர்கள் எல்லோரும் தலையை மஞ்சளாக்கிக்கொள்வது என்று ஒரு பந்தயம் போட்டிருந்தார்கள். அணி ஏறிவிட்டது. மறுநாளே கும்பலாகச் சொராய்தாவின் முடிவெட்டும் கடைக்குப் போனார்கள். சந்தைப் பக்கம் ஒரே நாற்காலி போட்ட கடை. சொராய்தா சௌகாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கடன் வாங்கித் தொடங்கிய தொழில், அப்போதுதான் சூடுபிடித்திருந்தது.

எலியோதோரோ உட்கார்ந்ததும் அவள் முடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல ஏதாவது போடுறீங்களா? மருந்து, லோஷன், எதுனாலும் சொல்லிடுங்க."

"நானா? பொறந்தப்போ வந்த முடி இது."

"தப்பா நினைக்காதீங்க. ஒரு கத்தை வெட்டிப் பெராக்சைடுல போட்டுப் பாத்துட்டு ஆரம்பிக்கிறேன்."

வில்தர் என்ற இளவட்டம் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். "பாத்தியா அண்ணே, உன்னைக் கிழவன்னு சந்தேகப்படுறா!"

எல்லோரும் சிரித்தார்கள். "பூசும்மா, பூசு" என்றார் எலியோதோரோ.

ப்ளீச் பொடியைக் குழைத்துப் பூசினாள். முதலில் வெதுவெதுப்பு. பிறகு காதுக்கு மேலே சுரீரென்றது. கண்ணாடியில் பார்த்தபோது தலையிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அலறிக்கொண்டு எழுந்தார். சொராய்தா அவரை இழுத்துத் தொட்டியில் குனியவைத்துத் தண்ணீரைக் கொட்டினாள். முடி கொத்துக் கொத்தாக, வெந்த சேமியா போல அவள் விரல்களில் வந்தது.

"என்னத்தைடி போட்டுத் தொலைச்சே?" என்று வில்தர் கத்தினான்.

"எல்லாருக்கும் போட்டதுதான்! அண்ணே, நீங்க சொல்லுங்க, முன்னாடி ஏதாவது..."

எலியோதோரோவுக்கு அந்தக் கணமே எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். சுற்றிலும் படகுக்காரர்கள், வாசலில் கேப்டன்.

"எரியுதே, எரியுதே" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் படம் ஊர் முழுக்கச் சுற்றியது. சொராய்தாவுக்குக் 'கொள்ளிக்கட்டை' என்று பேர் வந்தது. பள்ளி விழாவுக்கு முடி சுருட்டச் சொல்லியிருந்த பெண்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். எலியோதோரோ வீட்டைவிட்டு வெளியே வராமல், கொப்புளம் வெடித்த தலையோடு கிடந்தார்.

மூன்றாவது வாரம் கதவு தட்டப்பட்டது. கையில் கற்றாழை மடலோடு சொராய்தா.

"பொடி பழசாயிருந்திருக்கும் அண்ணே. என்னை மன்னிச்சிடுங்க. இதைத் தடவினா எரிச்சல் அடங்கும்."

நெலிதா கற்றாழையை வாங்கவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை. அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். சொராய்தாவே மடலைக் கீறி, கொழகொழவென்ற சதையை அவர் தலையில் தடவினாள். பாதியில் விரல் நின்றது. ஆறின தோலில் புதுமுடி முளைத்திருந்தது. அத்தனையும் உப்பு வெள்ளை.

பிறகு மிச்சத்தையும் தடவி முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ப்ளீச்சுங்கறது மெதுவா எரிக்கிறதுதான் அண்ணே. ஆக்சிஜன் போய் முடியோட நிறத்தை எரிக்கும். உள்ளே ஈயம் மாதிரி ஏதாவது ஊறியிருந்தா மொத்தமா ஒரே மூச்சுல பத்திக்கும்."

"ஓ" என்றார் எலியோதோரோ.

அவள் போன பிறகு நெலிதா வந்தாள். "அவ மூஞ்சியைப் பாத்தீங்களா? என்னால முடியல, அதான் உள்ளே ஓடிட்டேன். அவ கேட்ட மன்னிப்பை வாங்கி வெச்சுக்கிட்டீங்களே, அதை எங்கே வெப்பீங்க?"

அந்த வாரமும் அவர் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை, அடுத்த வாரமும் சொல்லவில்லை. சந்தைக்குப் போனால் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போனார்.

மீனவர் திருநாள் வந்தது. புனித பேதுருவின் சிலையைப் படகில் ஏற்றிக் கடலில் ஊர்வலம் முடித்துவிட்டு, எல்லோரும் துறையில் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த மீன் செவிச்சே சாப்பிட உட்கார்ந்தார்கள். வில்தர் மற்றப் படகுகளின் ஆட்களுக்கு அந்தப் படத்தை மறுபடி ஓடவிட்டான். "கொள்ளிக்கட்டை பாக்குறீங்களா? இந்தா, இந்தா, புகையைப் பாரு!"

எலியோதோரோ எழுந்து, வெள்ளை முடியை மறைத்திருந்த தொப்பியைக் கழற்றினார்.

"அவ கேட்டா. ரெண்டு தடவை கேட்டா. பதினாலு வருஷமா ஈய மருந்து போடுறேன்டா நான். பொய் சொன்னேன். அவமேல தப்பில்ல."

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் துறையே சிரித்தது. "ஈயமண்டை!" என்றான் வில்தர். கேப்டன் மட்டும் சிரிக்காமல் அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எலியோதோரோவுக்குக் காது மடல் கொதித்தது. ஆனாலும் அன்று தொப்பியைப் போடவில்லை.

மறுநாள் கடைக்குப் போனார். சொராய்தா நாற்காலியை விற்றுவிட்டு, கண்ணாடியைப் பழந்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்மா. எல்லார் முன்னாடியும்."

"கேள்விப்பட்டேன்."

"உனக்குத் தெரிஞ்சும் நீ ஏன் சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்பியிருப்பா? தப்பிக்கப் பாக்குறான்னு சொல்லியிருப்பாங்க." கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். "நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன். வாடகை கட்ட முடிஞ்ச வரைக்கும் பாத்தேன்."

கண்ணாடியைத் தூக்க அவர் கை நீட்டினார். "வேணாம் அண்ணே" என்று தானே தோளில் ஏற்றிக்கொண்டாள்.

அடுத்த பருவத்துக்குக் கேப்டன் அவரைக் கூப்பிடவில்லை. இப்போது கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைப் பொத்துகிறார். சொராய்தா மீன் டப்பா ஆலையில் கொஞ்ச காலம் மீன்களின் தலை கிள்ளிவிட்டு, ஊருக்குத் தெற்கே வேறொருத்தியோடு சேர்ந்து கடை போட்டாள். நெலிதா ஒருநாள் அங்கே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தாள்.

"நல்லா வெட்டியிருக்கா" என்றார் எலியோதோரோ. ஒரு கண்ணியைப் பொத்தி முடித்துவிட்டுக் கேட்டார். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"ஒண்ணும் கேக்கல" என்றாள் நெலிதா.