மூன்று வாசல் வைத்த இணையக் கடை

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில் குடியிருந்தோம். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எதிர்வீட்டு மாமி வடாம், அப்பளம், புளிக்காய்ச்சல் எல்லாம் செய்து, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு அனுப்புவதற்காக யாரையோ பிடித்து ஓர் இணையக் கடை போட்டிருந்தார். ஆட்கள் வந்து பார்த்தார்கள், ஆர்டர்தான் வரவில்லை. தீபாவளிக்குள் தேறவில்லையென்றால் மூடிவிட்டு, பழையபடி சாலை பஜார் கடைகளுக்கே சரக்கைக் கொடுத்துவிடலாம் என்று மாமா சொல்லிவிட்டார். அந்தக் கடைக்காரர்கள் தங்கள் பெயரை ஒட்டி விற்பவர்கள். மாமியின் பெயரில் இருந்தது இந்த இணையக் கடை ஒன்றுதான். எப்படியாவது இதைத் தேற்றிக் கொடு என்று மாமி என்னிடம் வந்தார்.

திறந்ததுமே கோளாறு தெரிந்துவிட்டது. முதல் பக்கம் முழுக்கப் பள்ளிகொண்ட பத்மநாபசுவாமி படம். அப்போது டயல்-அப் இணைப்பு; படம் மேலிருந்து கோடு கோடாக இறங்கும். நான் உள்ளே போய்க் காபி கலந்து கொண்டுவந்தபோதும் ஆதிசேஷனின் தலைகள் வரைதான் வந்திருந்தது. அதற்கெல்லாம் கீழேதான் வடாமும் அப்பளமும். யார் காத்திருப்பார்கள்?

படத்தை எடுத்துவிடலாம் என்றேன். மாமியின் முகம் வாடிவிட்டது. சின்னதாக்கி மூலையில் போடலாமே என்றேன். பெருமாளை மூலையில் வைப்பதா என்று கோபம் வந்துவிட்டது. அப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார்.

“கோவில்ல மட்டும் ஒரேயடியாவா சேவிக்கறோம்? மூணு வாசல் வழியா, கொஞ்சம் கொஞ்சமாத்தானே? அங்க யாராவது பாதியில திரும்பிப் போறாளோ?”

சொன்ன மாமியும் கேட்ட நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பத்மநாபசுவாமி கோயிலில் முதல் வாசலில் திருமுகம், நடு வாசலில் நாபிக்கமலம், கடைசி வாசலில் திருவடி. படத்தை அப்படியே மூன்றாக வெட்டினேன். வெட்டினேன் என்று சொல்லக்கூடாதாம், பிரித்தேன். முதல் பக்கத்தில் திருமுகம், அருகிலேயே சரக்குகள். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்க்கும் பக்கத்தில் நாபிக்கமலம். ஆர்டர் கொடுத்து முடித்ததும் வரும் நன்றிப் பக்கத்தில் திருவடி. சின்னத் துண்டுகள் என்பதால் பக்கங்கள் சட்டென்று திறந்தன. மாமிக்குப் பரம திருப்தி. எனக்கு மட்டும் இதற்கெல்லாம் ஆர்டர் வருமா என்ற சந்தேகம்தான்.

ஆர்டர்கள் ஒன்றிரண்டாக வர ஆரம்பித்தன. ஒரு நாள் மஸ்கட்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். திருவனந்தபுரத்துக் கரமனைக்காரியாம், ஊருக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டதாம். ஒரே ஒரு அப்பளக் கட்டுக்கு மட்டும் ஆர்டர் போட்டிருந்தாள். வேறொன்றும் வேண்டாமா என்று மாமி கேட்டார். பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் அவள் குரல் கேட்டது.

“அப்பளம் இங்கயே கிடைக்கும் மாமி. பாதத்தைச் சேவிக்காம எழுந்து போக மனசு வரல்லை” என்றாள்.

மாமி ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அந்தத் தீபாவளிக்குக் கடையை மூடவில்லை. மாமாவே உட்கார்ந்து பார்சல் கட்ட ஆரம்பித்துவிட்டார். பக்கத்தைத் திறக்கிறவர்கள் எல்லோரும் அவசரக்காரர்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எங்கோ தொலைவில், ஊர் நினைப்போடு ஒருத்தி தனியாக உட்கார்ந்து திறக்கிறாள் என்று அன்றைக்குத் தெரிந்த பிறகு, எனக்கு இந்த வேலை ஒரு நாளும் அலுத்ததில்லை.