சாக்லேட் தாளில் ஓடிய பாட்டு

மச்சானுக்குக் கால் உடைந்து மாவுக்கட்டு போட்டிருந்த மாதத்தில் அவருடைய ஜீப்பை நான்தான் ஓட்டினேன். அவர் வீட்டு அடுப்பும் என் வீட்டு அடுப்பும் அந்த ஒரு ஜீப்பை நம்பித்தான். கொடைக்கானலிலிருந்து டூரிஸ்டுகளை மலைக்குள் இருக்கிற போளூர் வரைக்கும் கூட்டிப்போய்த் திரும்புவது வேலை. "ஓட்டுங்க மாப்ள, நோண்டாதீங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பாட்டு அதிர்கிற வண்டியில்தான் இளவட்டங்கள் ஏறுகிறார்கள் என்று நான் பெரிதாகக் கண்டுபிடித்து, சத்தத்தைக் கூட்ட வண்டியில் இருந்த ஆம்ப் போதாதென்று செகண்ட்ஹேண்டில் இன்னொன்றை வாங்கிவந்தேன். செண்பகனூர் எலக்ட்ரீஷியன் பொறுமையாக விளக்கினார். இரண்டு ஆம்புக்கும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து கனமான ஒயர் இழுக்க வேண்டும், பேட்டரி பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ், ஒயர் பிரிகிற இடத்தில் ஒவ்வொரு ஆம்புக்கும் தனி ஃபியூஸ், எர்த் ஒயரைப் பெயிண்ட் சுரண்டிய இரும்பில் முடுக்க வேண்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தலையாட்டுவதில் மட்டும் பட்டம் வாங்கியவன். ஆட்டிவிட்டு வந்து, ஏற்கெனவே இருந்த ஆம்புக்குப் போன ஒல்லி ஒயரிலேயே வாங்கிவந்ததையும் முறுக்கிவிட்டேன். பாட்டுச் செட்டைச் சாவி போட்டால் மட்டும் ஓடுகிற மாதிரி சேர்க்கத் தெரியாமல் அதையும் நேராகப் பேட்டரிக்கே கொடுத்தேன்.

மறுநாள் மதுரைப் பையன்கள் நாலு பேர் ஏறினார்கள். பாதி வழியில் பாட்டு நின்றது. ஃபியூஸ் போயிருந்தது. வேறு மாட்டினேன், அதுவும் போனது. காட்டுக்குள் ஃபியூஸுக்கு எங்கே போவது? பையன்கள் கொடைக்கானல் சாக்லேட் தின்றுகொண்டிருந்தார்கள். சுற்றியிருந்த வெள்ளித்தாளை வாங்கி, நாலாக மடித்து, ஃபியூஸ் இருந்த இடத்தில் செருகினேன். பாட்டு முன்னைவிடச் சத்தமாக வந்தது.

"அண்ணே, நீங்க சயின்டிஸ்ட்ணே" என்றான் ஒருவன். நானும் நம்பினேன்.

ரெண்டு மைல் தாண்டியிருக்காது. பிளாஸ்டிக் கருகும் வாசனை, அப்புறம் டேஷ்போர்டுக்கு அடியில் புகை. ஃபியூஸ் மாதிரி வெள்ளித்தாள் அறுந்துபோகாததால் ஒயரே எரிய ஆரம்பித்திருந்தது. பையன்களை இறக்கிவிட்டு, வண்டியை அணைத்துச் சாவியை உருவினேன். பாட்டு நிற்கவில்லை. கையில் சாவியோடு நான் நிற்கிறேன், டேஷ்போர்டு புகைகிறது, உள்ளே குத்துப்பாட்டு ஓடுகிறது. பேட்டரி முனையைக் கையால் திருகினேன், அசையவில்லை. ஸ்பானர் பின்சீட்டுக்கு அடியில். அதை எடுக்க முடியாதபடி முன்னால் ஸ்பீக்கர் பெட்டியை நாலு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்த மேதாவி நான்தான்.

கேரட் லாரிக்காரர் ஒருவர் வந்து தன் ஸ்பானரால் முனையைக் கழற்றினார். அதற்குள் வண்டியின் ஒயர் கொத்து முழுக்க உருகி ஒட்டிக்கொண்டது.

"என்ன அண்ணாச்சி, ஜீப்புலயா சமையலு?" என்று கேட்டுவிட்டு, பையன்களைத் தன்னோடு ஏற்றிக்கொண்டு, கயிறு கட்டி இழுத்தார். பனிமூட்டம். ஹாரனும் செத்திருந்தது. வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி, "வண்டி வருது, வண்டி வருது" என்று வாயால் கத்திக்கொண்டே வந்தேன்.

மச்சான் வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். முதலில் பையன்களுக்கு ஏதும் ஆனதா என்று கேட்டார். பிறகு ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, பானெட்டைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாளைக்கு நம்ம ரெண்டு வீட்டுக்கும் என்ன சோலி மாப்ள?"

ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.