தாயைத் தின்னாத குஞ்சுகள்

தில்லையடியில் வந்து கமறியா வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். தேள்குஞ்சு வீடு என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட வாசலில் கொண்டுபோய் விடும். பெயர் வைத்தது ஊர் இல்லை, அவளுடைய பெரியும்மா உம்மு குல்சூம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கற்பிட்டிக்கு வந்த வள்ளத்திலேயே கமறியா பிறந்தாள். கரை தட்டுமுன் அவள் உம்மா மவுத்தாகிப் போனாள். தேள்குஞ்சுகள் தாயின் முதுகைப் பிளந்து, தாயைத் தின்றுவிட்டுத்தான் வெளியே வரும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். தங்கச்சியைப் பறிகொடுத்த பெரியும்மா அந்த நம்பிக்கையைத் தூக்கிப் பச்சைப்பிள்ளையின் தலையில் போட்டாள். அவளை வளர்த்ததும் அதே பெரியும்மாதான். சோறு போடும்போதும் தலை வாரும்போதும், நிக்காஹ் முடித்து ஃபஸ்லானோடு பக்கத்து வளவுக்கு அனுப்பும்போதும் அவள் வாயில் வந்தது அந்தப் பெயர்தான்.

நாட்டில் சண்டை ஓய்ந்து ஐந்தாறு வருடம் கழித்து கமறியா உண்டானாள். வயிறு தெரியத் தொடங்கியதும் பெரியும்மாவுக்கு உள்ளே பதறியது. பதற்றத்தைப் பதற்றமாகச் சொல்ல அவளுக்கு வராது.

"நீ உன்ட உம்மாவத் திண்டாய். உன்ட வயித்துல இரிக்கிறது என்ன செய்யப் போகுதோ," என்றாள்.

கமறியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது.

அடுத்த கிழமை அடுப்புக்குத் தேங்காய்ப் பொச்சுமட்டை இழுத்தபோது, வயிறு பருத்த கருந்தேள் ஒன்று அகப்பட்டது. வேறு யாராவது என்றால் செருப்பைத்தான் தேடியிருப்பார்கள். அவளோ சிரட்டையால் அதை அள்ளி, ஓரம் வெடித்த பழைய மீன்தொட்டிக்குள் விட்டாள். தும்புத்தூள் பரப்பி, ஒளிந்துகொள்ள ஓட்டுத்துண்டு ஒன்றும் சோடா மூடியில் தண்ணீரும் வைத்தாள். கரப்பான் பிடித்துப் போட்டாள்.

"தொழுகையில நிண்டாலும் தேளக் கண்டா அடிக்கலாமெண்டு ஹதீஸ் இரிக்கி, புள்ள," என்றான் ஃபஸ்லான்.

"குத்த வந்தா அடிங்க. இவ புள்ளத்தாச்சி. பெறட்டும், நான் என்ட கண்ணால பாக்கணும்."

அவன் தொட்டியை மூடப் பலகையும் மேலே வைக்கக் கல்லும் தேடிக் கொடுத்தான்.

ஒரு காலை தேளின் முதுகெல்லாம் அரிசி கொட்டியதுபோல வெள்ளைக் குஞ்சுகள். முதுகு பிளக்கவில்லை. கமறியா வேலி வரை போய்ப் பெரியும்மாவைக் கூப்பிட்டாள்.

"இப்பத்தானே முதுகுல ஏறிக்கிதுகள். இனித்தான் திங்கும்," என்றாள் பெரியும்மா.

அதன்பிறகு கமறியா தொட்டியை ஒருவரையும் தட்ட விடவில்லை. மிரண்டால் தாய் குஞ்சுகளை உதறிவிடுமோ என்ற பயம் அவளுக்கு. தண்ணீரைக்கூடத் துளித்துளியாகத்தான் விட்டாள்.

கிழமை ஒன்று கழிந்திருக்கும். தேள் அசையாமல் கிடந்தது. முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கிழிந்த தோல் ஒட்டியிருந்தது. எட்டிப் பார்த்த பெரியும்மா, "முதுகுத்தோல உரிச்சிட்டுதுகள். நான் சொல்லல்லயா," என்றாள். சொல்லிவிட்டுக் கமறியாவின் வயிற்றைப் பார்த்தாள்.

கமறியா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கரப்பான் ஒன்றை மீசையில் தூக்கி உள்ளே போட்டாள். தாய்த்தேள் பாய்ந்து அதைக் கவ்வியது. ஓட்டுத்துண்டைச் சுற்றிக் குஞ்சுகள், நிறம் மாறிப் புதுசாக ஊர்ந்துகொண்டிருந்தன. உரிந்தது தாயின் தோல் இல்லை. குஞ்சுகள் தங்கள் தோலைத்தான் கழற்றி, தாய் முதுகிலேயே விட்டுவிட்டு இறங்கியிருந்தன.

"பாத்தீங்களா பெரியும்மா? தாய் உசிரோட இரிக்கிறா."

பெரியும்மா தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்ப என்ட தங்கச்சியத் திண்டது ஆரு?"

"நிறைமாசக்காரிய வள்ளத்துல ஏத்தினவங்களக் கேளுங்க. அண்டைக்குப் பொறந்த என்னக் கேக்காதீங்க."

பெரியும்மா தன் வளவுக்குத் திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை அவளே படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையிலிருந்த நெருப்புப்பெட்டிக்குள் கரப்பான் ஒன்று பிறாண்டிக்கொண்டிருந்தது.

"இந்தாடி, தேள்குஞ்சு. புள்ள பெத்தவளுக்குப் பசிக்கும், போடு."

கமறியா கையை நீட்டவில்லை.

"பேரச் சொல்லித் தாங்க."

பெரியும்மாவின் வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. சொல்லிப் பழகாத பெயர்.

"கமறியா," என்றாள். "இந்தா."