சித்தப்பா வாசிக்கும் இடம்

எங்கள் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறது என்று சொன்னால், என்னென்ன சினிமாப் பாட்டு பாடுவீர்கள் என்றுதான் வெளியூரில் கேட்பார்கள். ஒருமுறை விளாத்திகுளத்திலிருந்து கொடைவிழாவுக்குக் கச்சேரி பேச வந்தவர்கள், முப்பது பேர் வயலினும் கிளாரினெட்டுமாக ஒத்திகையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, பாடுகிற ஆள் எங்கே என்று தேடினார்கள். பிறகு காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எந்தக் காலத்திலோ தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரச் சாமியார் மாதா கோயிலுக்கென்று தொடங்கி வைத்தது அது. கல்யாணமோ, அடக்கமோ, புதுத் தோணி இறக்குவதோ, நாங்கள் போய் உட்கார்ந்து வாசிக்காவிட்டால் ஊருக்கு மனசு ஆறாது.

அப்பா கோல் அசைத்து நடத்துவார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, முதல் வயலின். பத்து வயசுச் சிறுமியாக நானும் கடைசி வரிசையில் ஒரு வயலின்.

வாசிப்பவர்களில் பாதிப்பேர் கடலோடிகள். கச்சேரி அன்று யார் கரையில் இருப்பார் என்று மாதாவுக்குத்தான் தெரியும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவரின் நாற்காலியில் அவர் வாத்தியத்தை வைத்துவிடுவோம். அவர் பங்கை வேறு யாரும் வாசிக்க மாட்டோம். திருவிழாப் பாட்டின் நடுவில் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, சித்தப்பா மட்டும் தனியாக வாசிக்கிற இடம் ஒன்று வரும். அவர் கடலில் இருந்தால் அந்த இடம் முழுக்கச் சத்தமே இருக்காது. அப்பாவின் கோல் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். முடிந்துவிட்டது என்று வெளியூர் விருந்தாளிகள் கைதட்டுவார்கள். ஊர்க்காரர்கள் திரும்பி முறைப்பார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் வேறொன்றையும் நான் பார்த்திருந்தேன். கிளாரினெட் வாசித்த பெரியவர் ஒருவரை அடக்கம் செய்த மறு ஞாயிறே, அவர் மகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் பங்கை வாசித்தான். சனங்கள் அழுதுகொண்டே அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்கள். ஆக, காலி இடத்தில் வாசிப்பதும் நல்ல காரியம்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். என் புத்தி அப்படி.

அந்த வருஷம் சித்தப்பா, வெங்காயமும் செங்கலும் ஏற்றிய தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்தார். இருபது நாளில் திரும்ப வேண்டியவர், இரண்டு மாதமாகியும் வரவில்லை. யாரைக் கேட்டாலும், "எஞ்சின் கோளாறாம், அங்கன ஏதோ தீவுல நிக்குதாம்" என்றார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சித்தி சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சித்தப்பா வாசிப்பதைக் கேட்காமல்தான் ஏங்குகிறாள் என்று நினைத்தேன். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாடியில் ஒளிந்துகொண்டு அவர் பங்கைப் பழகினேன்.

திருவிழா வந்தது. சித்தப்பாவின் நாற்காலியில் அவர் வயலின் கிடந்தது. முதல் வரிசையில் சித்தி உட்கார்ந்திருந்தாள். அந்த இடம் வந்ததும் எல்லோரும் நிறுத்தினார்கள். நான் எழுந்து நின்று வாசித்தேன்.

ஒரு சுரம் தப்பவில்லை. அப்பாவின் கோல் அந்தரத்தில் நின்றது. யார் முகத்திலும் நான் எதிர்பார்த்தது இல்லை. சித்தி மேடையேறி வந்து என் கையிலிருந்த வில்லைப் பிடுங்கினாள்.

"யாருளா உன்ன வாசிக்கச் சொன்னது? அவுக வருவாக. அவுக இடத்த அவுகதான் வாசிப்பாக."

பின்னால் ஒரு கிழவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் என்ன செய்துவிட்டேன் என்று எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

வீட்டில் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"தப்பா வாசிச்சேனாப்பா?"

"இல்லளா. சரியாத்தான் வாசிச்ச."

"அந்த கிளாரினெட் அண்ணன் வாசிச்சப்போ எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணாங்களே. என்னைய மட்டும் ஏன்?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் போய்விட்டார். வாசிப்பில் தப்பில்லை, வாசித்தது சரியும் இல்லை என்றால் அது என்ன கணக்கு? பல நாள் அதையே போட்டுக் குழப்பிக்கொண்டேன். சித்தி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தெருவில் எதிரே வந்தால் நான் சந்துக்குள் புகுந்துகொள்வேன்.

மழைக்காலம் போனது. ஒரு சனிக்கிழமை காலை, சித்தப்பாவின் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் சங்கிலி இல்லை. அதை அடகு வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியை என் மடியில் வைத்தாள்.

"இதுல வாசிளா. அவுக இடத்த."

"முழுசாவா சித்தி?"

"முழுசா."

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்பா எழுந்து நின்று, ஒருத்தி வாசிப்பதற்குப் போய், கையால் தாளம் போட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு வாசித்தேன். பெரிய வயலின், விரல் எட்டவில்லை. இரண்டு இடத்தில் தப்பு வந்தது. சித்தி கோபித்துக்கொள்ளவே இல்லை. என் தலையில் கையை வைத்து வெகுநேரம் எடுக்காமல் இருந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் சொன்னேன், சித்தப்பா இடம் இனிமேல் எனக்குத்தான் என்று. சித்திக்கு என்மேல் கோபம் தீர்ந்துவிட்டதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.