என் மேசையில் பருப்புச் சட்டி

1. நாற்பது சென்டிமீட்டர்

கண்டியில் நான் பயிற்சி எடுத்த மண்டபத்தில் ஐந்து டேபிள் டென்னிஸ் மேசைகள் இருந்தன. நான்கு எனக்கு உதவாது. வீல்செயாரில் இருந்து ஆடுபவரின் முழங்கால் மேசைக்குக் கீழே போக வேண்டும். அதற்கு மேசைக் கால்கள் விளிம்பிலிருந்து நாற்பது சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். அப்படிப்பட்டது ஒன்றே ஒன்று. அதை வாங்கவைக்க இரண்டு வருடம் கடிதம் எழுதினேன்.

"மேசைன்னா மேசைதானேம்மா, இதுல என்ன வித்தியாசம்?" என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் மண்டபத் தலைவர் நேரிலேயே பதில் சொன்னார்.

நான் தேசிய சாம்பியன் ஆனதும் அவருக்கு என்மேல் பாசம் பொங்கியது. பாராட்டு விழா என்றார். வெளிநாட்டுப் போட்டிக்கான தெரிவுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"பிராக்டிஸ் இருக்குங்க சேர்."

"ஒரு மணித்தியாலம் வந்து உக்காந்துட்டுப் போங்கம்மா."

உட்காருவதற்கு எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்புக்கொண்டேன்.

2. விழா

எங்கள் ஊர் புசல்லாவையிலிருந்து அண்ணன் வாடகைக்கு வான் பிடித்து என்னைக் கூட்டிவந்தான். வாசலில் என் படம் ஆள் உயரத்துக்கு நின்றது. மேடைக்கு ஆறு படி, சாய்தளம் கிடையாது. "நாலு பேர நிறுத்தியிருக்கேன், தூக்கிருவாங்க" என்றார் தலைவர் பெருமையாக.

அண்ணன் என் தோளைத் தட்டினான். "தங்கச்சி, அங்க பாரு. உன் மேசை."

வலையைக் கழற்றி வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ஒரு பாதியில் சோற்றுச் சட்டி, மறு பாதியில் பருப்புச் சட்டி, அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு. மற்ற நான்கு மேசைகளும் சுவரோரம் பத்திரமாக இருந்தன.

"ஏன் சேர் இந்த மேசை?"

"இதுதாம்மா வசதி. கிட்ட நின்னு சாப்பாடு போட்டுக்கலாம், கால் இடிக்காது."

என் கடிதங்களால் முடியாததைப் பருப்பு ஒரே நாளில் அவருக்கு விளக்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. சூட்டில் பலகை கொப்பளித்தால் பந்து நேராக எழும்பாது. பத்து நாளில் நான் வேறு எங்கே போவேன்?

மேடைக்குப் போகவில்லை. வழக்கமாக விளையாடும் முனைக்கு உருட்டிப் போய், முழங்காலை உள்ளே விட்டு, இரண்டு பிரேக்கையும் போட்டேன். தட்டுகள் அடுக்கியிருந்த முனை அதுதான். சாப்பாட்டு வரிசை அங்கேதான் தொடங்க வேண்டும்.

"மேடைக்கு வாங்கம்மா, பிரதம அதிதி காத்திருக்காரு!"

"சட்டிய இறக்குங்க சேர், வர்றேன்."

பிரதம அதிதி பேராதனையில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து டொக்டர். தன்னம்பிக்கை பற்றி நான்கு பக்கம் எழுதி வந்திருந்தார். இறங்கி வந்து, "என்ன பிள்ளை பிரச்சினை?" என்றார். சொன்னேன். சட்டியோரமாகத் துணியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓம், பொங்கித்தான் கிடக்கு. சட்டியளை இறக்குங்கோ. எனக்கும் பசிக்குது."

கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. என்னைத் தூக்க நின்ற நால்வரும் ஓடிவந்து சட்டிகளைத் தூக்கினார்கள்.

3. பிறகு

இரண்டு பாதியிலும் கொப்புளம். பருப்புப் பக்கத்தில் சிறியது. அதை நான் எடுத்துக்கொண்டேன். பேக்ஹேண்ட் மூலையில் பந்து எந்தப் பக்கம் பாயும் என்று பருப்புக்குத்தான் தெரியும். பத்து நாள் அதோடு மல்லுக்கட்டினேன். தெரிவுப் போட்டியில் சமமான மேசையைக் கண்டதும் கை தானாக ஆடியது. தெரிவானேன்.

மறுநாளே தலைவர் போன் எடுத்தார். "பாராட்டு விழா வைக்கணும்மா. இந்தத் தடவ சாப்பாடு வேற மேசையில."

"மேடைக்கு எப்படி ஏறுறது சேர்?"

"அதுக்குத்தான் நாலு பேரு இருக்காங்களே!"

இளம் வீரர்களுக்கு நான் கற்ற பாடம் இவ்வளவுதான்: பாராட்டக் கூப்பிட்டால் போங்கள். புறப்படும் முன் வீல்செயாரின் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.