ஏழாவது புகார்

நான் எம்.ஏ. படித்த காலத்தில் எங்கள் கல்லூரி நூலகத்தில் நான்கு மின்விசிறிகள் இருந்தன. ஒன்றுதான் சுற்றும். அதன் கீழே இருந்த மேசையில் இடம்பிடிக்கக் காலையிலேயே வந்து நோட்டு, டிபன் பாக்ஸ், குடை என்று கையில் இருந்ததை வைத்துவிட்டுப் போவார்கள். வேலூர் வெயிலில் அந்த ஒரு விசிறிக்காக வாய்ச்சண்டை வராத வாரம் கிடையாது.

எழுபதுகளின் கடைசி அது. ஜன்னல் வழியாகப் புத்தகங்களை வெளியே நழுவவிடுகிறார்கள் என்று சொல்லி எல்லா ஜன்னல்களையும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். பகலிலும் டியூப்லைட் வேண்டும். மத்தியானம் கரண்ட் போனால் கதவுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, வருகிற வெளிச்சத்துக்குப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்வோம். பாடத்துக்கு வேண்டிய முக்கியமான புத்தகங்கள் எல்லாம் ஒவ்வொரு பிரதிதான். அவை கூடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. அந்த ஒற்றைப் பிரதியிலும், பரீட்சைக்கு வரக்கூடிய அத்தியாயத்தை யாராவது பிளேடால் கீறி எடுத்திருப்பார்கள். எங்கள் வகுப்பில் பெண்கள் ஐந்து பேர். எங்களுக்குக் கதவோரம், நூலகரின் கண்ணில் படும்படி ஒரு மேசை. கழிப்பறைக்கு மைதானத்தைத் தாண்டி விடுதிவரைக்கும் போக வேண்டும் என்பதால், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கப் பழகிக்கொண்டோம்.

கட்டடத்தின் பின்னால் ஒரு திறந்த சாக்கடை ஓடியது. ஜன்னலை மூடியிருந்தாலும் பலகை இடுக்கு வழியே அதன் நாற்றம் உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

எங்கள் வகுப்பில் ஒருவரை எல்லோரும் 'ஆம்பூர்' என்றே கூப்பிடுவார்கள். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. எழுத எனக்குத்தான் மனம் வரவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப் என்பார்கள். அப்படி ஒரு தோல் ஷாப்பை ஒட்டின லைன் வீட்டில் அவர் குடும்பம் இருந்தது. அப்பாவுக்குச் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு எடுக்கிற வேலை. ஒரே அறையில் ஏழு பேர். கொடியில் காயும்போதே துணியில் வாடை ஏறிவிடும். எந்த சோப்புக்கும் அது போகாது. அவர் விடிகாலை பாசஞ்சரில் காட்பாடி வந்து, டவுன் பஸ் பிடித்து, நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். விசிறி மேசைப் பக்கம் அவர் போய் நான் பார்த்ததில்லை. கடைசி மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது ஒரு புத்தகத்தால். நானும் அவரும் ஒரே நேரத்தில் அதைக் கேட்டு நின்றோம். இருந்தது ஒரு பிரதி.

"நீங்க மொதல்ல எடுத்துக்குங்க," என்றார். "நான் சாயங்காலம் ட்ரெயினுக்குப் போற வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

"வீட்டுல படிக்க மாட்டீங்களா?"

"வீட்டுல எங்கங்க படிக்கிறது?" என்று சிரித்தார். அதற்குப் பிறகு எப்போதாவது இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். எனக்குப் பாகாயத்தில் வீடு. அம்மா நர்ஸ், குவார்ட்டர்ஸில் எனக்கென்று ஒரு மேசையும் விளக்கும் இருந்தன. நூலகம் சரியில்லை என்று நான் புலம்பினாலும் எனக்குப் போக வேறு இடம் இருந்தது.

இரண்டாம் வருடம், பூஜை விடுமுறை முடிந்து வந்ததும், நூலகத்தைப் பற்றி முதல்வருக்கு ஒரு புகார் மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. முன்னால் நின்றவன் எங்கள் வகுப்புப் பிரதிநிதி. அவன் சித்தப்பா தோல் மண்டி வைத்திருந்தார். என் எழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதால் எழுதும் வேலை என்னிடம் வந்தது. மரத்தடியில் உட்கார்ந்து அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். விசிறி, விளக்கு, ஜன்னல், ஒற்றைப் பிரதி, கிழிந்த பக்கங்கள், பெண்களுக்குக் கழிப்பறை. ஆறும் நியாயமான புகார்கள்.

"ஏழாவது, நாத்தம்," என்றான். "'தோல் ஷாப் பக்கத்திலிருந்து வரும் சில மாணவர்களால் கூடத்தில் துர்நாற்றம் வீசுகிறது.' எழுது."

என் பேனா நின்றுவிட்டது. "சில மாணவர்கள்னா ஒருத்தர்தானே?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ? பொய்யா சொல்றேன்? அவன் பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்து படிச்சுட்டு வா பாக்கலாம். பேஜாரா இருக்குது."

"நாத்தம் சாக்கடையில இருந்து வருது."

"சாக்கடை கம்மி. இது ஜாஸ்தி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சாதியும் இருந்தது. ஆனால் ஒருவரும் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. என் பக்கத்தில் இருந்த தோழி, "ஆளையெல்லாம் குறிப்பிடாதே. வெறும் நாத்தம்னு மட்டும் எழுது, போதும். படிக்கிறவங்களுக்குப் புரியும்," என்றாள்.

நான் இப்படி எழுதினேன்: 'படிக்கும் கூடத்தில் தாங்க முடியாத துர்நாற்றம் வீசுகிறது. உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்.'

அவரைக் காப்பாற்றிவிட்டதாக அப்போது நினைத்துக்கொண்டேன். சாக்கடை என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். கையை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. அதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டால், சண்டைக்குப் பயந்து என்று ரொம்ப வருடம் சொல்லிவந்தேன். அது பாதிதான் உண்மை. ஒருநாள் அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க என் அருகே வந்து நின்றபோது, நானே என் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

கையெழுத்து வாங்க மனு மேசை மேசையாகப் போயிற்று. கடைசி மேசைக்கு அதைக் கொண்டுபோனது நான்தான். அவர் முதலிலிருந்து வரி விடாமல் படித்தார். ஏழாவதில் சற்று நின்றது போலிருந்தது. பிறகு பேனாவைத் திறந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"சாக்கடையைச் சொல்றீங்க, இல்ல?" என்றார்.

"ஆமா," என்றேன்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் முதல்வர் நூலகரோடு வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். விசிறிகளை அண்ணாந்து பார்த்தார். அரசாங்கத்துக்கு எழுதியாயிற்று என்றார். ஜன்னலைப் பற்றிப் பேச்செடுத்ததும், புத்தகம் திருடுவது யார் என்று எங்களையே திருப்பிக் கேட்டார். கழிப்பறை விஷயத்தைப் பெண் ஆசிரியர்களிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஏழாவதுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி நூலகரிடம் ஏதோ கேட்டார். எங்கள் வகுப்புப் பிரதிநிதி அவர்களோடு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான்.

மறுநாள் காலையில் பின்பக்க வராந்தாவில் ஒரு மேசையும் நாற்காலியும் கிடந்தன. நூலகர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இருந்தவர், யாரையும் கடிந்து பேசாதவர். அவர் கடைசி மேசைக்குப் போய், "தம்பி, உனக்கு வெளிய எடம் போட்டிருக்கேன். நல்ல காத்து. அங்க ஒக்காந்து படி," என்றார்.

"எதுக்கு சார்?"

"புகார் வந்திருக்குப்பா."

"தெரியும் சார். அதுல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அதான். நாத்தம் அடிக்குதுன்னு நீயே ஒத்துக்கிற, இல்ல? அப்புறம் இன்னா?"

கூடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர்கூட நிமிரவில்லை. நானும் புத்தகத்தில் ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நோட்டுகளை அடுக்கினார், நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளினார், வெளியே போனார். அரை மணி கழித்துப் புத்தகம் கேட்டு உள்ளே வந்தார். கூடத்தைவிட்டு வெளியே எடுத்துப் போகக் கூடாத புத்தகம் அது.

"வராந்தா கூடத்தில் சேராதுப்பா," என்றார் நூலகர். "ரூல் அப்படி. நான் இன்னா செய்ய?"

அதன் பிறகு அவர் சொந்த நோட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். சாக்கடை அங்கிருந்து நாலு எட்டு தூரம். அது மழைக்காலம். சாரல் அடித்தால் நோட்டுகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பார். எட்டோ ஒன்பதோ நாள் வந்தார். அப்புறம் வகுப்புக்கு மட்டும் வந்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தார்.

நான் நூலகரிடம் போய், ஏழாவது புகார் சாக்கடையைப் பற்றியது, மனுவை எழுதியவள் நான் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படீன்னா எழுதிக் குடும்மா. அதே மாதிரி எல்லார் கையெழுத்தும் வேணும். ஒரு ஆள் எழுதினா அது புகார்ல சேராது."

எழுதினேன். என் தோழியிடம் முதலில் நீட்டினேன். "உனக்கு வேற வேலை இல்ல? பரீட்சை வருது," என்றாள். இன்னும் நாலைந்து பேரிடம் கேட்டேன். ஒருவன், நான் அவருக்கு யார் என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் யாரிடமும் போகவில்லை. மனுவை மடித்து நோட்டுக்குள் வைத்தேன். கீழே என் ஒருத்தி கையெழுத்துதான் இருந்தது.

அதற்குப் பதிலாக வேறொன்று செய்யலாம் என்று தோன்றியது. அந்த ஒற்றைப் பிரதியிலிருந்து பரீட்சைக்கு வேண்டிய அத்தியாயங்களை உட்கார்ந்து கையால் படியெடுத்தேன். பதினைந்து நாள் ஆயிற்று. ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்து அந்தக் கட்டைக் கொடுத்தேன். வாங்கிப் பிரித்துப் பார்த்தார். என் எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுவும் நீங்கதானே எழுதினது?"

"ஆமா. ஆனா நான் அப்படி நெனச்சு..."

"எனக்குத் தெரியும்ங்க. படிக்கிறப்பவே தெரிஞ்சுது, அது சாக்கடை இல்லன்னு."

"அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"போடலேன்னா? என்னைத்தான் சொல்றாங்கன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல. அதுக்குத்தான் உங்களைக் கேட்டேன். நீங்களும் ஆமான்னீங்க." கட்டை மறுபடி ஒழுங்காகக் கட்டி என்னிடம் நீட்டினார். "உங்க எழுத்து எனக்கு வேணாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். நான் அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டு அங்கேயே நின்றிருந்தேன்.

ஏப்ரல் பரீட்சையில் முதல் இரண்டு தாளுக்கு அவர் வந்தார். மூன்றாவதன்று அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. மேற்பார்வையாளர் விடைத்தாளை அந்த மேசையில் வைத்து, அரை மணி கழித்து எடுத்துக்கொண்டார். அப்பாவுக்குச் சுண்ணாம்பில் கை வெந்து புண்ணாகி வேலைக்குப் போக முடியாமல், இவர் அவருடைய இடத்தில் தோல் ஷாப்பில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். அதனால்தான் படிப்பை விட்டாரா, அல்லது படிப்பு அதற்கு முன்பே விட்டுப்போயிருந்ததா, எனக்குத் தெரியாது. முதல் காரணத்தை நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நான் முதல் வகுப்பில் தேறினேன். அம்மா வார்டு முழுக்க லட்டு கொடுத்தாள்.

அவர் போன பிறகும் கூடத்தில் நாற்றம் அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

எண்பதுகளின் நடுவில், குடியாத்தத்தில் நான் ஆசிரியையாக இருந்தபோது, பரீட்சை வேலையாக ஆம்பூர் போயிருந்தேன். திரும்பும்போது பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தேன். உடம்பு கனத்திருந்தது. அவரே அடையாளம் கண்டு அருகே வந்தார். வந்தவர் நாலடி தள்ளியே நின்றுகொண்டார்.

"நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீங்க?"

"தோல் ஷாப்ல டிரம் செக்‌ஷன்ல சூப்பர்வைசர். காட்பாடியில ஒரு கல்யாணம், அதுக்குப் போய்ட்டிருக்கேன்." இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "டீச்சரா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷம்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பல வருடமாக ஒரு வாக்கியத்தை வைத்திருந்தேன். அதன் முதல் வார்த்தை வருவதற்குள் பாசஞ்சர் வந்துவிட்டது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பெட்டி அநேகமாகக் காலியாக இருந்தது. எதிர் இருக்கையைக் காட்டி, "இங்க வாங்க," என்றேன்.

"இல்லங்க, பரவால்ல," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெட்டிக்கு நடந்து போனார்.