வால் கம்பியில் மாட்டிய பனியன் துணி

மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை... நம்மூரு பனியன் துணியில இருந்து வந்துச்சு. ஆனா இடம் திருப்பூர் இல்லீங்க. பனிமலை. எல்லையில சண்டை நடந்துட்டு இருந்த நேரம்.

நான் அப்ப பட்டாளத்துல ஹெலிகாப்டர் மெக்கானிக். குண்டுச் சிதறல் பட்டு மலைமேல இறங்கின ஒரு ஹெலிகாப்டரை ரெடி பண்ணி, பறக்க வச்சுக் கீழே கொண்டுவரணும். எங்க ஆபீசரோட சேர்த்து நாலு பேரை அனுப்பினாங்க. எதிர்மலையில இருந்து பீரங்கி ஷெல் விழுந்துட்டே இருந்துச்சு. ஒவ்வொண்ணும் முந்தினதைவிடக் கொஞ்சம் கிட்ட...

டூல் பாக்ஸோட, எண்ணெய் தொடைக்க ஒரு மூட்டை வேஸ்ட் துணி வந்துச்சு. பிரிச்சா, எல்லாம் பனியன் கட்டிங்! ஒண்ணுல 85 சைஸ் சீல்கூட இருந்துச்சு. பஞ்சுத்தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஆகாதுன்னு திருப்பூர் மண்ணரையில, பனியன் துணி பின்னற நிட்டிங் கம்பெனியை விட்டு ஓடிப்போய்ப் பட்டாளத்துல சேர்ந்தவன் நான். அது என்னை விடறதா இல்லை பாருங்க. சிரிப்பு வந்துச்சு, கண்ணும் கலங்கிடுச்சு.

ரெண்டு நாள் வேலை. ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு, இன்ஜினும் ஓட்டிப் பார்த்தாச்சு. அதை ஓட்டிட்டு வந்த பைலட், கிளம்பறதுக்குச் சீட்டுல உட்கார்ந்துட்டார். அந்த ரெண்டு நாளும் எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்த மனுஷன்.

கடைசியா ஒரு தடவை தொடைச்சுட்டு வந்தேன். நிட்டிங் மெஷினைக் கழட்டி மாட்டினா, ஓட்டறதுக்கு முன்னாடி பனியன் துணியால தடவிப் பார்ப்போம். பிசிறு இருந்தா நூல் மாட்டும். அந்தப் பழக்கம்... வால் விசிறிக்குப் போற கம்பியோட அடிப்பக்கம், துணி லேசா மாட்டுச்சு.

ஒரே ஒரு நூல். பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தா, முடி அளவுக்கு விரிசல். பறக்கறப்ப அந்தக் கம்பி ஒடிஞ்சா, ஹெலிகாப்டர் சுத்திச் சுத்தி விழுந்துடும்.

"சார், எறங்கிடுங்க!"ன்னு கத்தினேன்.

ஆபீசருக்குக் கோபம். "அடுத்த ஷெல் இதுமேலயே விழுந்தா நீ பதில் சொல்லுவியா?"ன்னு இந்தியில கத்தினார். அவர் கேட்டதும் நியாயம்தான். பைலட் இறங்கி வந்தார். அந்தத் துணியை வாங்கி அவரே தடவினார். அதே இடத்துல மாட்டுச்சு. ஹெல்மெட்டைக் கழட்டினார்.

வேற கம்பி வர மறுநாள் மத்தியானம் ஆச்சு. அதுவரைக்கும் ஒவ்வொரு ஷெல்லுக்கும் செத்துச் செத்துப் பிழைச்சேன். ஒருவழியா மாட்டினோம், பறந்து போச்சு. வயர்லெஸ்ல "இறங்கியாச்சு"ன்னு அவர் குரல் கேட்டதும், அந்த ஆபீசர்தான் முதல்ல என்னைக் கட்டிப்பிடிச்சார்.

இப்ப அதே மண்ணரையில நிட்டிங் மெயின்டெனன்ஸ் பார்க்கறேன். தூசி உறுத்தறதே இல்லை. அப்ப வேஸ்ட் எல்லாம் சுத்தக் காட்டன். இப்ப பாதி பாலியஸ்டர், எண்ணெயை இழுக்க மாட்டேங்குது. காட்டன் துண்டா பார்த்துத் தனியாப் பொறுக்கி வைப்பேன்.

வேஸ்ட் பிரிக்கற சரசக்கா போன வாரம் கேட்டாங்க. "ஏனுங்க, தூக்கிப் போடற துணிக்கு எதுக்குங்க இத்தனை பக்குவம்?"

கதையைச் சொன்னேன். "அப்படிங்களா..."ன்னுட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

இன்னிக்குக் காலையில பார்த்தா, காட்டன் துண்டா ஒரு மூட்டை தனியாக் கட்டி வச்சிருக்காங்க. மேல மார்க்கர்ல எழுதியிருந்துச்சு...

"பட்டாளத்துக்கு."